அரிவாள்மனையும் அரை ஸ்கூப்பும்

அம்மா இரண்டு மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

விழவில்லை. வழுக்கவில்லை. மயக்கமும் வரவில்லை. மன்னார்குடி வீட்டில் காலை ஒன்பது மணிக்கு அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு கால் கிலோ கொத்தவரங்காய் நறுக்க உட்கார்ந்தாள். நறுக்கி முடித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பதினொரு மணிக்கு எதிர்வீட்டுப் பெண் தயிருக்கு உறை கேட்டு வந்தவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறாள்.

எனக்கு விஷயம் தெரிந்ததே நாலு நாள் கழித்து. அதுவும் அந்தப் பெண் சொல்லி.

"ஏம்மா, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போனு டிவி மேல இருந்துச்சுடா."

"ரெண்டு மணி நேரமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?"

"சும்மாதானே உக்காந்திருந்தேன். இதப் போயி பெருசா பேசறே!"

அந்த 'சும்மா'வை நினைத்து நினைத்து எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. எழுபத்து நாலு வயது. எலும்பும் தோலுமாக 48 கிலோ. அப்பா போன பிறகு ஒன்பது வருடமாகத் தனியாக இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு வீட்டில் உறைமோர் மிச்சம் இருந்திருந்தால்?

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போய் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன்.

டாக்டர் வந்ததும் வராததுமாக ஸ்கேன் எழுதுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அம்மா, ரெண்டு கையையும் மார்ல கட்டிக்கோங்க. கையை ஊனாம அஞ்சு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க பாப்போம்" என்றார். அம்மா ஏதோ ஸ்கூல் டிரில் மாதிரி சிரித்துக்கொண்டே எழுந்தாள். இரண்டாவது தடவை சிரிப்பு போய்விட்டது. மூன்றாவது தடவை கை தானாக நாற்காலிப் பிடியைத் தேடியது.

"எலும்பு பரவால்ல சார். வயசுக்கேத்த தேய்மானம்தான். போனது தசை" என்றார் டாக்டர்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சார்கோபீனியா. 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்கிற அமெரிக்கர் வைத்த பெயர். கிரேக்க மொழியில் சார்க்ஸ் என்றால் சதை. பீனியா என்றால் இல்லாமை. 'சதைப் பஞ்சம்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரையுமாம். அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. வங்கியில் போட்ட பணம் மாதிரிதான். எடுத்துக்கொண்டே இருக்கிறோம், போடுவதில்லை. ஒருநாள் அரிவாள்மனை முன்னால் உட்காரும்போது பேலன்ஸ் நில்!

டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சிறுநீரகம் சரியில்லாதவர்கள் புரதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்டுத்தான். இரண்டு, சிறுநீரகம் நன்றாக இருந்தால் புரதத்தைக் கூட்ட வேண்டும். மூன்று, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். "சும்மா புரதத்த மட்டும் குடுத்துட்டு உக்கார வெச்சிருந்தீங்கன்னா, செங்கல்ல கொண்டுவந்து இறக்கிட்டு கொத்தனாரை வரச் சொல்லாத மாதிரி."

"எவ்வளவு டாக்டர்?"

"கிலோவுக்கு ஒரு கிராம்லேர்ந்து ஒண்ணேகால் கிராமுக்குள்ள வெச்சுக்குங்க. சாப்பாட்டுலயே முடிஞ்சா சந்தோஷம். முடியலைன்னா பவுடர்."

கிரியாட்டினின் நார்மல். நான் பவுடர் வாங்கக் கிளம்பிவிட்டேன். நடுவில் அவர் சொன்ன 'சாப்பாட்டுலயே முடிஞ்சா' என்ற வார்த்தை என் காதில் விழவே இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நமக்கு எப்போதுமே கடையில் கிடைப்பதுதான் முதலில் காதில் விழும்.

முதலில் தெருமுனை மருந்துக்கடை. ஷெல்ஃபில் வரிசையாக டப்பாக்கள். அதில் ஒன்றில் வெள்ளை முடி தாத்தாவும் பாட்டியும் கைகோத்துக்கொண்டு பூங்காவில் சிரித்தார்கள். 'முதியோருக்கென்றே' என்று போட்டிருந்தது. ஏலக்காய் மணம். விலையும் பரவாயில்லை. வாங்கி வந்துவிட்டேன்.

பி.எஸ்ஸி. முடித்து வேலைக்குப் போகும் என் மகள் டப்பாவைத் திருப்பினாள். தாத்தா பாட்டியை அவள் பார்க்கவே இல்லை. பின்பக்கம் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாத பக்கம் அது.

"அப்பா, இதுல முதல் ஐட்டம் மால்டோடெக்ஸ்ட்ரின். ரெண்டாவது சர்க்கரை."

"அதனால என்ன?"

"எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும். அதான் சட்டம். மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் அப்புறம்தான் இதுல புரதமே வருது. நூறு கிராமுக்கு இருபது கிராம். அப்பாயிக்கு ஒரு வேளைக்கு ரெண்டு ஸ்பூன், இருபது கிராம் பவுடர்னு போட்டிருக்கான். கணக்குப் போடுங்க."

போட்டேன். நாலு கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. கோழி டப்பாவும் அடிக்கவில்லை, பூங்காவில் போட்டோவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து அவள் சொன்ன கடைக்குப் போனேன். ஜிம்முக்குக் கீழே இருக்கிற கடை. உள்ளே நுழைந்ததும் பெயின்ட் கடையோ என்று ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய பெரிய டிரம்கள். கவுன்ட்டரில் இருந்த தம்பியின் ஒரு கை, என் தொடை அளவு.

"யாருக்கு சார்? உங்களுக்கா?" என் தொப்பையைப் பார்த்தார். அதில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

"எங்கம்மாவுக்கு."

ஒரு விநாடி மௌனம். ஆனால் தொழில் தெரிந்த தம்பி. "கோல் என்ன சார்? பல்க்கிங்கா, கட்டிங்கா?"

நம்மூரில் 'கட்டிங்' என்றால் டாஸ்மாக் வாசலில் வேறு அர்த்தம். ஜிம்மில், கொழுப்பைக் குறைப்பதாம். எனக்கு இரண்டும் வேண்டாம். "கட்டிங்தான் தம்பி. கொத்தவரங்காய் கட்டிங். அரிவாள்மனையிலேர்ந்து எந்திரிக்கணும். அதான் கோல்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, அரை மணி நேரம் பாடம் எடுத்தார். ஊரில் அவருக்கும் ஒரு பாட்டி இருக்கிறார்.

அன்றைக்குக் கற்றதும், பிறகு தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் உதவும்.

'வே' என்று சொல்கிறார்களே, அது ஏதோ விஞ்ஞானக் கூடத்தில் பிறந்த சமாச்சாரம் இல்லை. பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது பிரிகிற தண்ணீர்தான். ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சீஸ் ஆலைகளில் அதைப் பன்றிக்கு ஊற்றினார்கள், மிஞ்சியதை ஆற்றில் விட்டார்கள். பிறகு யாரோ புத்திசாலி அதை வடிகட்டிக் காயவைத்துப் பொடியாக்கி விற்றார். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு இது. மிச்சம் நாலு பங்கு கேசின். வே சீக்கிரம் செரிக்கும். தசை வளர்ச்சியைத் தூண்டிவிடும் லூசின் என்கிற அமினோ அமிலம் இதில் அதிகம். வயதானவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

இதில் 'கான்சன்ட்ரேட்' என்றால் நல்ல தரத்தில் நூறு கிராமுக்கு 80 கிராம் வரை புரதம். 'ஐசொலேட்' என்றால் 90 கிராமை ஒட்டி. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு ஐசொலேட் தோதுப்படும். லாக்டோஸ் அதில் மிகக் குறைவு. பாலே வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டாணி, சோயாவில் இருந்து எடுத்த பொடிகள் இருக்கின்றன.

"அப்ப நூறு கிராம்ல எவ்ளோ புரதம்னு பாத்து அதிகமா இருக்கறத வாங்கிட்டா போதுமா தம்பி?" என்று கேட்டேன்.

"அங்கதான் சார் விஷயமே இருக்கு" என்றார்.

விஷயம் 1883-ல் ஆரம்பிக்கிறது. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் ஆலை. அதன் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கியெல்டால் என்ற வேதியியல்காரர். தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். புரதத்தை நேரடியாக அளக்காமல், அதில் உள்ள நைட்ரஜனை அளப்பது. அதைப் பொதுவாக 6.25-ஆல் பெருக்கினால் புரதம். சுலபமான கணக்கு. இன்றுவரை அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? நைட்ரஜன் இருந்தால் போதும், அது புரதமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லையே! 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைப் போட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்கிற மெலமைன். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் பால் ஜோராகப் பாஸாகிவிட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்துபோனார்கள்.

புரதப் பொடியில் நடப்பது அவ்வளவு கொடூரம் இல்லை. ஆனால் சூத்திரம் அதே சூத்திரம். கிளைசின், டாரின் மாதிரி விலை குறைந்த அமினோ அமிலங்களைக் கலந்து நைட்ரஜன் கணக்கை ஏற்றிவிடுவார்கள். டப்பாவில் 24 கிராம் என்று இருக்கும். தசைக்கு உதவுகிற புரதம் அதைவிடக் குறைவாக இருக்கும்.

2024-ல் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளை வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அமைப்பு 23 பொடிகளையும் பானங்களையும் சோதித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவற்றில், ஒரு வேளை அளவிலேயே, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் வைத்திருக்கிற ஈய வரம்பைத் தாண்டியிருந்தது. தாவரப் பொடிகளில்தான் ஈயம் அதிகம். மண்ணில் இருப்பது செடிக்கு வரும், செடியில் இருப்பது பொடிக்கு வரும். 'இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது.

ஆக, டப்பாவைக் கையில் எடுத்தால் ஐந்து கேள்வி. நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம்? (ஸ்கூப் கணக்கு வேண்டாம். ஒவ்வொருவர் ஸ்கூப்பும் ஒவ்வொரு சைஸ்.) பட்டியலில் முதல் பொருள் எது? பட்டியல் எவ்வளவு நீளம், அதில் கிளைசின், டாரின் என்று தனித்தனியாக ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா? 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா, அந்த பேட்சை வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்த அறிக்கையைக் காட்டுவார்களா? கடைசியாக, ஒரு கிராம் புரதம் என்ன விலை?

தம்பி எடுத்துக் கொடுத்த டப்பாவில் படமே இல்லை. நிறமில்லை, மணமில்லை, சர்க்கரையில்லை. பொருட்கள் பட்டியலில் இரண்டே இரண்டு பெயர். முப்பது ஸ்கூப், ஸ்கூப்புக்கு 24 கிராம். ஆக மொத்தம் 720 கிராம் புரதம். விலை 2,880 ரூபாய். கிராம் நாலு ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதை ஸ்மூத்தி ஆக்கினாள். பால், வாழைப்பழம், ஒரு ஸ்கூப் பொடி, இரண்டு பேரீச்சம்பழம். மிக்ஸியில் ஒரு சுற்று. உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். மருமகள் மனசு நோகக் கூடாதே என்று இன்னொரு வாயும் குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆசுபத்திரி வாசம் அடிக்குது" என்றாள். டம்ளர் சாயங்காலம் வரை டைனிங் டேபிளில் இருந்தது. மேலே ஈ, கீழே 24 கிராம். கிட்டத்தட்ட நூறு ரூபாய்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் யாரிடமோ பாடம் கேட்டு, டென்மார்க் வரை போய்விட்டு வந்து, தேர்ந்தெடுத்து வாங்கிய பொடி! "இப்படிச் சாப்பிடாமதானே இந்தக் கதிக்கு வந்திருக்கே!" என்று கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

பதில் வேறு மாதிரி வந்தது. ராத்திரி என் மகள் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பாயி, மன்னார்குடில நீ தினம் என்ன சாப்பிடுவே?"

"எல்லாந்தான்."

"எல்லாம்னா? காலைல என்ன?"

"ரெண்டு இட்லி."

"தொட்டுக்க?"

"பொடி இருக்குமே. ஒருத்திக்குன்னு யாரு சட்னி அரைக்கிறது?"

"மத்தியானம்?"

"ரசம் வெப்பேன். ரெண்டு நாளைக்கு வரும். ஒரு காய். அப்பறம் மோரு."

"பருப்பு?"

"ஒருத்திக்குன்னு போயி குக்கரைப் போடுவாங்களா?"

"நைட்டு?"

"மாவு இருந்தா ரெண்டு இட்லி. இல்லேன்னா மோருஞ்சாதம்."

நான் ஹாலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் எழுந்து வந்து காகிதத்தில் எழுதிக் காட்டினாள். காலை இட்லி 4 கிராம். இரண்டு வேளை காபியில் இருக்கும் பால் 5. மத்தியானச் சோறு, ரசம், காய், மோர் எல்லாம் சேர்த்து 8. சாயங்காலம் இரண்டு பிஸ்கட் 1. ராத்திரி 4. மொத்தம் 22 கிராம். டாக்டர் சொன்ன கணக்கில் 48 கிலோவுக்கு 48 கிராமாவது வேண்டும். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-ல் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொன்ன கிலோவுக்கு 0.83 கிராம் கணக்கில் பார்த்தாலும் 40 கிராம். அவள் தின்றது பாதி. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஒன்பது வருடம்.

அப்பா இருந்தவரை அந்த வீட்டில் வாரம் மூன்று நாள் மீன். அவர் போனதும் அம்மா கவுச்சியை விட்டுவிட்டாள். முட்டையும் அதோடு போயிற்று. யாரும் விடச் சொல்லவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. 'ஒருத்திக்குன்னு யாரு' என்று சட்னி போயிற்று, பருப்பு போயிற்று. வாரா வாரம் நானும்தான் போன் பண்ணிக் கேட்டேன், "சாப்பிட்டியாம்மா?" என்று. "சாப்பிட்டேன்டா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து வரும்போது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா!

"அந்தப் பவுடர நூறு ரூவா போட்டுக் கீழ ஊத்தறது பாவம்டா. கொஞ்சம் பொட்டுக்கடலைய அரைச்சுப் போட்டா அந்த வாசம் தெரியாது. சின்னப் புள்ளைல ஒனக்கு இதான். பொட்டுக்கடலை மாவு, வாழப்பழம், வெல்லம். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன்.

அன்று முதல் எங்கள் வீட்டு ஸ்மூத்தி இதுதான். இருநூறு கிராம் கெட்டித் தயிர். முப்பது கிராம் பொட்டுக்கடலை மாவு. ஒரு சின்ன வாழைப்பழம். ஒரு ஏலக்காய். டப்பாவில் இருந்து ஒரு ஸ்கூப் இல்லை, அரை ஸ்கூப். தயிரில் 6, கடலையில் ஆறரை, பொடியில் 12, பழத்தில் 1. ஏறக்குறைய 26 கிராம். வெல்லம் வேண்டுமானால் ஒரு துளி. சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெல்லத்தை மறந்துவிட்டு, பழத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா இதை ஸ்மூத்தி என்று சொல்வதில்லை. 'கடலை மோர்' என்கிறாள்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய அன்றைக்குப் பொட்டுக்கடலை கிலோ 120 ரூபாய். நூறு கிராமில் புரதம் 22 கிராம். அதாவது கிராம் 55 பைசா. ஏழு ரூபாய் முட்டையில் கிராம் ஒரு ரூபாய் சொச்சம். டப்பாவில் நாலு ரூபாய். பருப்புப் புரதத்தில் ஒரு அமினோ அமிலம் குறைவு, அரிசியில் வேறொன்று குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். வெண்பொங்கலைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சரியாகச் செய்துவிட்டார்.

அப்படியானால் பொடியே வேண்டாமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். தசையை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி சாப்பிடுவதைத் தவிருங்கள் என்று 2024-ல் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. நன்றாகச் சாப்பிடுகிற, ஓடியாடுகிற ஆளுக்கு அது சரி. ஆனால் அம்மா மாதிரி அரை வயிறு சாப்பிட்டாலே திம்மென்று ஆகிவிடுகிற, முட்டையும் மீனும் வேண்டாம் என்கிற ஆளுக்குக் கொஞ்ச அளவில் நிறையப் புரதம் கொடுக்க அந்த அரை ஸ்கூப் தேவைப்பட்டது. டாக்டரும் சரி என்றார். கவுச்சியை மறுபடி சாப்பிடு என்று நாங்கள் அவளை வற்புறுத்தவில்லை. அது அவள் அப்பாவோடு வைத்துக்கொண்ட கணக்கு.

கொத்தனார் வேலைக்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் அம்மா நாற்காலியில் இருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். முதல் வாரம் கையை ஊன்றிக்கொண்டு. அப்புறம் ஒரு கை. அப்புறம் விரல் நுனி. நம் சேனல்களில் விளம்பரத்துக்குப் பஞ்சமா என்ன! வாழ்க்கையில் முதல் தடவையாக விளம்பரங்களுக்கு நன்றி சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே பிளாஸ்டிக் நாற்காலி. கையை மாரில் கட்டிக்கொண்டு அம்மா ஐந்து தடவையும் எழுந்து உட்கார்ந்தாள். 17 விநாடி. நான் கை தட்டிவிட்டேன். டாக்டர் தட்டவில்லை. "பன்னெண்டுக்குள்ள வரணும்மா. விடாதீங்க" என்றார்.

அம்மா மன்னார்குடிக்குத் திரும்பிவிட்டாள். எவ்வளவு சொல்லியும் சென்னை ஒத்துவரவில்லை. போன் இப்போது டிவி மேல் இல்லை. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்குகிறது. எதிர்வீட்டுப் பெண் வேலைக்குப் போகிறாள். அவளுடைய நாலு வயதுப் பையன் மத்தியானம் அம்மாவிடம்தான். பிள்ளைக்கென்று குக்கர் ஏறுகிறது. பருப்பு வேகிறது. சாயங்காலம் சுண்டல். 'ஒருத்திக்குன்னு யாரு' என்ற பேச்சு நின்றுவிட்டது. எந்தக் கடையிலும் கிடைக்காத பொடி அந்தப் பையன்! பூங்கா படம் போட்ட முதல் டப்பா என்ன ஆயிற்று என்கிறீர்களா? காலி பண்ணிக் கழுவி, துவரம்பருப்பு கொட்டி வைத்திருக்கிறாள். தாத்தாவும் பாட்டியும் இப்போதுதான் நியாயமாகச் சிரிக்கிறார்கள்.

நான் தினமும் ராத்திரி போன் செய்கிறேன். 'சாப்பிட்டியா' என்று கேட்பதில்லை. 'என்ன சாப்பிட்டே' என்று கேட்கிறேன். அம்மா ஒப்பிப்பாள். போன வாரம் ஒரு நாள் எல்லாம் ஒப்பித்து முடித்துவிட்டு, "அது கெடக்கட்டும், அங்க அவ என்ன சாப்பிட்டா?" என்றாள்.

"யாரு?"

"ஒம் பொண்டாட்டிதாண்டா."

"சாப்பிட்டாளே."

"அது தெரியும். என்ன சாப்பிட்டா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையை எட்டிப் பார்த்தேன். மணி ஒன்பதரை. அன்றைக்கு முட்டைக் குழம்பு. ஆறு முட்டை. எனக்கு இரண்டு, மகளுக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு. என் மனைவி மேடையில் சாய்ந்து நின்றபடி, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக ராத்திரி ஒன்பதரைக்கு நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"உன் வெயிட் எவ்ளோ?"

"எதுக்கு இப்ப?"

"ஒரு கணக்குப் போடணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல அந்தத் தட்ட எல்லாம் கழுவி வைங்க. அப்பறம் போடலாம் கணக்கு" என்றாள்.

கழுவிக்கொண்டிருக்கிறேன்.